மனு போடுவதை நிறுத்தச் சொன்ன புத்தகம்

(குடியரசு தினத்தன்று கொடியேற்றத்துக்குப் பிறகு நம் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் வரலாற்று ஆசிரியர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கணக்குப் புத்தகத்தோடு காலம் தள்ளியவன். ஆகவே இன்று நான் சொல்லப்போகும் கதையிலும் அங்கங்கே கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியரசு என்றால் மக்களாட்சி என்று பள்ளியில் படித்தோம். அந்தச் சொல்லுக்குள் இன்னொரு பொருளும் இருக்கிறது. இந்த நாட்டில் பிறப்பால் யாரும் தலைவராக முடியாது, அதாவது மன்னர் கிடையாது. இதைப் படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் புரிகிற மொழியில் அடித்துச் சொன்ன ஒரு சிறு புத்தகம், 1776 ஜனவரி 10 அன்று அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் வெளிவந்தது. 2026 ஜனவரியோடு அதற்கு 250 வயது நிறைந்தது. புத்தகத்தின் பெயர் 'காமன் சென்ஸ்'. எழுதியவர் தாமஸ் பெயின். "கொஞ்சமாவது காமன் சென்ஸ் இருக்கா?" என்று நாம் வீட்டில் பிள்ளைகளைக் கேட்கிறோமே, அதே காமன் சென்ஸ்தான். பெயின் அதை ஒரு தேசத்தைப் பார்த்துக் கேட்டார்.

முதலில் அன்றைய நிலைமையைச் சொல்லிவிடுகிறேன்.

அட்லாண்டிக் கடற்கரையில் 13 குடியேற்றங்கள். மொத்த மக்கள்தொகை சுமார் 25 லட்சம். அதில் ஐந்தில் ஒருவர் அடிமை. எல்லாம் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் ஆட்சிக்கு உட்பட்டவை. 1763-இல் பிரான்ஸோடு நடந்த பெரும்போர் முடிந்தபோது இங்கிலாந்தின் தலையில் பெரிய கடன் இருந்தது. அதில் ஒரு பகுதியைக் குடியேற்ற மக்களிடம் வரியாக வசூலிக்கலாம் என்று லண்டனில் முடிவு செய்தார்கள். 1765-இல் பத்திரங்கள், செய்தித்தாள்கள் முதல் சீட்டுக்கட்டு வரை முத்திரை வரி விதித்தார்கள். பெரிய எதிர்ப்பு வந்ததும் மறு ஆண்டே அதை விலக்கிக்கொண்டார்கள். பிறகு வேறு வரிகள். கடைசியில் தேயிலை. 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. அந்தத் தேயிலை யாருடையது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. நம் ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான். நஷ்டத்தில் தத்தளித்துக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியைத் தூக்கிவிடத்தான் பார்லிமெண்ட் அந்தத் தேயிலைச் சட்டத்தையே கொண்டுவந்தது.

1775 ஏப்ரலில் லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கிச் சண்டை தொடங்கிவிட்டது. ஜூனில் பங்கர் ஹில் சண்டையில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானவர்கள் விழுந்தார்கள். இவ்வளவு ஆனபிறகு அமெரிக்கத் தலைவர்கள் என்ன செய்தார்கள்? மனு எழுதினார்கள்.

1775 ஜூலையில் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடியிருந்த காங்கிரஸ், மன்னருக்கு மிகப் பணிவான ஒரு விண்ணப்பத்தை நிறைவேற்றி அனுப்பியது. 'ஆலிவ் கிளை விண்ணப்பம்' என்று அதற்குப் பெயர். அதை வரைந்தவர் ஜான் டிக்கின்சன். நாங்கள் உங்கள் விசுவாசமான குடிமக்கள், உங்கள் மந்திரிகள்தான் தவறு செய்கிறார்கள், நீங்கள் தலையிட்டுச் சமாதானம் செய்யுங்கள் என்பது அதன் சாரம்.

இந்த மனநிலை நமக்கு ஒன்றும் புதிதல்ல. ராஜா தங்கமானவர், சுற்றியிருக்கிற ஆட்கள்தான் சரியில்லை என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. அலுவலகத்திலும் உண்டு. மேலே இருப்பவருக்கு விஷயம் போய்ச் சேரவில்லை, சேர்ந்தால் உடனே சரிசெய்துவிடுவார் என்று நம்பியே பல வருடங்களை ஓட்டிவிடுகிறோம்.

மன்னர் அந்த விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளவே மறுத்துவிட்டார். ஆகஸ்ட் 23 அன்று குடியேற்றங்கள் கலகம் செய்கின்றன என்று பிரகடனம் செய்தார். அப்போதும் விடுதலை என்ற சொல்லைப் பொது மேடையில் சொல்லப் பெரும்பாலோர் தயங்கினார்கள். மன்னர் என்ற அந்த ஒரு கயிறு மட்டும் அறுபடாமல் நின்றது.

அந்தக் கயிற்றை அறுத்த மனிதர் யார்?

தாமஸ் பெயின் 1737-இல் இங்கிலாந்தின் தெட்ஃபோர்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா பெண்கள் இடுப்பில் இறுக்கிக் கட்டும் உள்ளங்கி தைப்பவர். மகனும் அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். பிறகு கலால் துறையில் சேர்ந்தார். 1765-இல் வேலை போயிற்று. போய்ப் பார்க்காத சரக்கைப் பார்த்ததாகப் பதிவேட்டில் எழுதியதுதான் குற்றம். வங்கியில் அடமானச் சரக்கு ஆய்வுக்குப் போனவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், சிரிக்காதீர்கள். 1768-இல் மீண்டும் வேலை கிடைத்தது.

1772-இல் கலால் ஊழியர்களுக்காகப் பெயின் ஒரு மனு எழுதினார். ஆண்டுக்கு 50 பவுண்ட் சம்பளம், அதிலும் குதிரைச் செலவு, பயணச் செலவு போக மிச்சம் சொற்பம். வரிப்பணத்தைக் கையாள்பவனைப் பட்டினியில் வைத்தால் நேர்மையை எதிர்பார்க்க முடியாது என்பது அவர் வாதம். சங்க வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவான சம்பளக் கோரிக்கையை எழுதுவது கஷ்டம். லண்டனில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கி பார்லிமெண்ட் உறுப்பினர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. 1774-இல் பணிக்கு வரவில்லை என்று சொல்லி அவரையே வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆக, மனு போட்டால் என்ன நடக்கும் என்பதை அவர் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த ஆண்டு லண்டனில் இருந்த பெஞ்சமின் ஃப்ராங்க்ளினிடம் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறினார். 1774 நவம்பர் 30 அன்று பிலடெல்பியாவில் வந்து இறங்கியபோது எழுந்து நிற்க முடியாத அளவு காய்ச்சல். வயது 37. கையில் பணம் இல்லை, பெயரும் இல்லை. அங்கே ஒரு மாதப் பத்திரிகையில் ஆசிரியர் வேலை கிடைத்தது. வந்து 14 மாதம் முடிவதற்குள் 'காமன் சென்ஸ்' வெளிவந்துவிட்டது.

அச்சிட்டவர் ராபர்ட் பெல். பெயரைச் சொல்லிக் கொடுத்தவர் பெஞ்சமின் ரஷ் என்ற மருத்துவர். விலை இரண்டு ஷில்லிங். எழுதியவர் பெயர் போடவில்லை. போட்டிருந்தால் ராஜத்துரோகம், தூக்குமேடை வரை போகக்கூடிய விஷயம்.

அப்படி என்னதான் எழுதினார்? முக்கியமான வாதங்களை என் வார்த்தையில் சொல்கிறேன்.

முதல் வாதம், மன்னர் பதவியைப் பற்றியது. மற்றவர்கள் வரியைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது, வரி போடுகிறவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பெயின் கேட்டார். இங்கிலாந்தின் அரச வம்சத்தைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால், 1066-இல் ஆயுதக் கும்பலோடு கடல் தாண்டி வந்து நாட்டைப் பிடித்துக்கொண்ட வில்லியமிடம் போய் நிற்கும். இதில் தெய்வீகம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வாசகர்கள் பைபிள் படிக்கிறவர்கள். ஆகவே, தங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்று கேட்ட இஸ்ரவேல் மக்களை சாமுவேல் தீர்க்கதரிசி எச்சரித்த கதையை எடுத்து வைத்தார். வாசகனின் வீட்டிலேயே இருக்கும் புத்தகத்தை அவனுக்கே சாட்சியாகக் காட்டினார்.

இரண்டாவது, வாரிசு முறை. அப்பா திறமைசாலி என்பதால் மகனும் திறமைசாலியாக இருப்பான் என்று இயற்கை உத்தரவாதம் தருவதில்லை. சரி, முதல் மன்னரை மக்களே விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். தங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த வம்சத்துக்கே அடங்கி நடப்பார்கள் என்று எழுதிக்கொடுக்க அவர்களுக்கு என்ன உரிமை? எனக்கு இது உடனே புரிந்தது. தாத்தா யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்தை வைத்துக்கொண்டு, பேரனுக்குப் பேரன் வரை வசூல் செய்துகொண்டே போக எந்த வங்கிக்கும் அனுமதி கிடையாது.

மூன்றாவது, தாய்நாடு என்ற உணர்ச்சி. இங்கிலாந்து நம் தாய், தாயை எதிர்க்கலாமா என்று கேட்டார்கள். தாய் என்றால் பிள்ளை மேல் படையை ஏவுவாளா என்று திருப்பிக் கேட்டார். பென்சில்வேனியாவில் மூன்றில் ஒரு பங்கு மக்கள்கூட ஆங்கில வம்சாவளி இல்லை என்று எடுத்துக்காட்டினார். இங்கிலாந்து நம்மைக் காப்பாற்றியது என்றார்கள். தன் வியாபாரத்துக்காகக் காப்பாற்றியது, அதுவும் அதன் எதிரிகளிடமிருந்துதான் என்றார். நம் தானியத்துக்கு ஐரோப்பாவின் எந்தச் சந்தையிலும் விலை கிடைக்கும். இங்கிலாந்தோடு கட்டிக்கொண்டிருப்பதால் அதன் சண்டைகளெல்லாம் நம் சண்டை ஆகின்றன, வியாபாரம் கெடுகிறது என்று லாப நஷ்டம் போட்டுக் காட்டினார்.

நான்காவது, தூரம். ஒவ்வொரு குறைக்கும் மூவாயிரம், நாலாயிரம் மைல் மனுவைத் தூக்கிக்கொண்டு போய், நாலைந்து மாதம் பதிலுக்குக் காத்திருந்து, வந்த பதிலுக்கு விளக்கம் கேட்க மறுபடி கப்பல் ஏற்றி, இப்படி ஒரு நிர்வாகம் நடக்குமா? சிறுபிள்ளைக்குச் சரியாக இருந்த ஏற்பாடு வளர்ந்தவனுக்கு ஒத்துவராது என்பது அவர் தீர்ப்பு.

ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சரி, பிரிந்துவிடலாம், ஆனால் இங்கிலாந்தின் கடற்படையை எதிர்க்கப் பணம் எங்கே என்று கேட்பார்களே? அதற்கு மதிப்பீடு போட்டார். இங்கிலாந்தின் தேசியக் கடன் 14 கோடி பவுண்டுக்கு மேல், அதற்கு வட்டி மட்டும் ஆண்டுக்கு 40 லட்சம் பவுண்டுக்கு மேல். அதன் மொத்தக் கடற்படையின் மதிப்போ 35 லட்சம் பவுண்ட்தான். அந்தக் கடனில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே அதைப் போல இரு மடங்கு கடற்படை கட்டிவிடலாம் என்றார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 கோடியில் இருபதில் ஒரு பங்கு 70 லட்சம், 35 லட்சத்தின் இரு மடங்கும் 70 லட்சம். சரியாக டேலி ஆகிறது. பிந்தைய பதிப்பில் இதற்கு ஆதாரமாக ஓர் அட்டவணையே சேர்த்தார். 100 பீரங்கிக் கப்பல் ஒன்றுக்கு 35,553 பவுண்ட், 20 பீரங்கிக் கப்பலுக்கு 3,710 பவுண்ட் என்று வரிசையாக விலை. மரம், தார், இரும்பு, கயிறு எல்லாம் நம் மண்ணிலேயே கிடைக்கின்றன என்றார். ஆவேசமாக எழுதியவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். செலவு எவ்வளவு ஆகும் என்று உட்கார்ந்து எழுதிக் காட்டியவர் இவர்.

மன்னர் இல்லாமல் நாட்டை யார் ஆள்வது? சட்டம் ஆளட்டும் என்றார். எல்லோரும் கூடி ஒரு சாசனம் எழுதுவோம், அதன்மேல் ஒரு கிரீடத்தை வைப்போம், சடங்கு முடிந்ததும் அந்தக் கிரீடத்தையும் உடைத்து அதற்கு உரிமையுள்ள மக்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடுவோம் என்ற பொருளில் எழுதினார். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் நாளில் இதை நினைத்துப் பார்க்கலாம்.

புத்தகம் எவ்வளவு விற்றது? மூன்று மாதத்தில் 1,20,000 பிரதிகள் என்று பெயினே சொன்னார். இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை நம்புவதில்லை, அன்றைய அச்சகங்களின் சக்திக்கு அது அதிகம் என்கிறார்கள். ஆடிட் செய்தால் நானும் அந்த எண்ணின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். ஆனால் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 25 பதிப்புகள் வந்தன, செய்தித்தாள்கள் பகுதி பகுதியாக எடுத்துப் போட்டன, மதுக்கடைகளிலும் படை முகாம்களிலும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். அதில் சந்தேகம் இல்லை.

லாபத்தில் தன் பங்கைக் கனடா நோக்கிப் போன படைவீரர்களுக்குக் கையுறை வாங்கக் கொடுக்கும்படி பெயின் சொல்லியிருந்தார். லாபமே இல்லை என்று கைவிரித்தார் பெல். பெயின் வேறு அச்சகத்துக்குப் போய், விரிவாக்கிய பதிப்பைப் பாதி விலைக்குக் கொண்டுவந்தார். இருவரும் செய்தித்தாள்களில் மாறி மாறித் திட்டிக்கொண்டதில் புத்தகத்துக்கு இலவச விளம்பரம் கிடைத்தது. அதே பெல் சில வாரங்களில் பெயினுக்கு மறுப்பாக வந்த 'ப்ளெயின் ட்ரூத்' என்ற புத்தகத்தையும் அச்சிட்டு விற்றார். வியாபாரி வியாபாரிதான். ஒரு விதத்தில் அது நல்லதாகவும் போயிற்று. அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு பேசிய விஷயத்துக்கு இப்போது தெருவில் வாதமும் எதிர்வாதமும் நடந்தன.

மன்னர் பார்லிமெண்டில் கடுமையாகப் பேசிய உரை பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்ததும் ஏறத்தாழ புத்தகம் வந்த அதே நாட்களில்தான். ராஜா நல்லவர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஏப்ரலில் வட கரோலினா தன் பிரதிநிதிகளுக்கு விடுதலைக்கு ஆதரவாக வாக்களிக்க அதிகாரம் கொடுத்தது. மே மாதம் விர்ஜினியா ஒரு படி மேலே போய், விடுதலைத் தீர்மானத்தைக் கொண்டுவரும்படியே சொன்னது. ஜூலை 2 அன்று காங்கிரஸ் விடுதலைக்கு வாக்களித்தது, ஜூலை 4 அன்று பிரகடனத்தை ஏற்றது. ஓராண்டு இடைவெளியில் வந்த இரண்டு ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1775 ஜூலையில் எழுதியது மன்னருக்கு மனு. 1776 ஜூலையில் எழுதியது மன்னர் மீதே குற்றப்பத்திரிகை, அதுவும் உலகத்தின் முன்னால். நடுவில் வந்தது 'காமன் சென்ஸ்'. அந்தப் புத்தகம் மன்னரைப் பார்த்து ஒரு வரிகூடக் கெஞ்சவில்லை. பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பேசியது. என்னைக் கேட்டால் அதன் பலம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

புகழ்ந்துவிட்டு மட்டும் உட்கார்ந்தால் கணக்கு முழுமையாகாது. பற்றுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிறப்பால் ஒருவன் ஆளக்கூடாது என்று முடிவு செய்த அதே தேசம், பிறப்பால் ஒருவன் அடிமையாக இருக்கலாம் என்பதை விட்டு வைத்தது. அடிமை வியாபாரத்தைக் கண்டித்து ஜெஃபர்சன் எழுதிய பகுதியைக் காங்கிரஸ் பிரகடனத்திலிருந்து நீக்கியது. புதிய சட்டங்களில் பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அபிகெய்ல் ஆடம்ஸ் 1776 மார்ச்சில் தன் கணவர் ஜானுக்கு எழுதினார், மறந்துவிட்டார்கள். கிரீடத்தை உடைத்தது உண்மை, துண்டுகள் எல்லோர் கைக்கும் போய்ச் சேரவில்லை. அடிமை முறையை ஒழிக்க இன்னும் 89 ஆண்டுகளும் ஒரு உள்நாட்டுப் போரும் தேவைப்பட்டன.

பெயினின் முடிவும் சோகமானது. பிரெஞ்சுப் புரட்சிக்கு ஆதரவாக எழுதியதற்காக இங்கிலாந்து அவரைக் குற்றவாளி என்றது. பிரான்ஸில் சட்டமன்ற உறுப்பினரான பிறகு, மன்னர் பதவியை ஒழியுங்கள், மனிதரைக் கொல்லாதீர்கள் என்று பதினாறாம் லூயியின் உயிருக்காக வாதாடினார், அங்கேயும் சிறை. மதத்தை விமர்சித்து எழுதியதால் அமெரிக்காவிலும் வேண்டாதவரானார். 1809-இல் இறந்தபோது சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

நமக்கும் அவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? உண்டு. 1744-இல் நம் ஜார்ஜ் கோட்டைக்கு ஒரு எழுத்தராக வந்து, பிறகு வங்காளத்தைப் பிடித்துப் பெரும் பணக்காரராகத் திரும்பிய ராபர்ட் கிளைவ், 1774 நவம்பரில் இறந்தார். அடுத்த மார்ச்சில் பெயின் ஆசிரியராக இருந்த பத்திரிகையில், கிளைவ் இந்தியாவில் செய்த கொடுமைகளைக் குத்திக்காட்டும் கட்டுரை ஒன்று வந்தது. பெயின் எழுதியதாகவே அது கருதப்படுகிறது. 'காமன் சென்ஸ்' எழுதுவதற்கு முன்பே இந்தியாவின் துயரம் அந்தப் பத்திரிகையில் பதிவாகியிருந்தது.

நாமும் மனுவில் தொடங்கியவர்கள்தான். காங்கிரஸ் தொடங்கிய காலத்தில் தீர்மானம் போடுவதும் விண்ணப்பம் அனுப்புவதுமே வழி. முழு விடுதலையே லட்சியம் என்று 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் தீர்மானித்தது. 1929 லாகூர் மாநாடு அதை உறுதி செய்தது. 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் உறுதிமொழி எடுத்தார்கள். அதனால்தான் இந்தத் தேதி. 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகும் இரண்டரை ஆண்டு நம் நாட்டின் தலைவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர்தான், அந்த மூன்றாம் ஜார்ஜின் நேர் வம்சம். ரூபாய் நோட்டில் அவர் தலைதான் இருந்தது. 1949-இல் வந்த ஒரு ரூபாய் நோட்டில் அந்த இடத்துக்கு அசோகரின் சிங்கத் தூண் வந்தது. 1950 ஜனவரி 26 அன்று மன்னர் பதவியே நம் நாட்டில் இல்லாமல் போயிற்று.

மன்னர் போய்விட்டார். மன்னரிடம் கெஞ்சுகிற பழக்கம் போய்விட்டதா என்பதுதான் நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி. நம் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் நாம் எழுதும் கடிதங்களைப் பாருங்கள். "தயவுகூர்ந்து", "கருணை கூர்ந்து", "தங்கள் பொற்பாதம்" என்றெல்லாம் எழுதிவிடுகிறோம். வரி கட்டுகிறவர் நாம், ஓட்டுப் போடுகிறவர் நாம். மரியாதையாக எழுதுவது வேறு, குனிந்து எழுதுவது வேறு. அதே போல, ஒரு பதவிக்கு ஆள் தேடும்போது இன்னார் மகன், இன்னார் மருமகன் என்பதைத் தகுதியாகச் சொல்லும் வழக்கமும் நம்மிடம் தாராளமாக இருக்கிறது. கட்சிப் பெயர் எதையும் சொல்ல மாட்டேன், சங்கத்தின் விதி அனுமதிக்காது. அவரவர் மனதில் வந்த பெயரை அவரவரே வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை போன ஒரு கலால் குமாஸ்தா பெரிய படையோ பதவியோ இல்லாமல் கேட்ட கேள்வி இதுதான்: இவருக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? நம் சங்கத்தின் பொதுக்குழுவில் தொடங்கி டெல்லி வரைக்கும் அதைக் கேட்கலாம். பொதுக்குழு அடுத்த மாதம் வருகிறது. கணக்கு அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள், கேள்வி கேளுங்கள். பொருளாளர் என்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

பொங்கல் ஆறுவதற்குள் விடைபெறுகிறேன்.